நூற்றுப்பத்து நிமிடம்

தண்ணீருக்கு இவ்வளவு விலையா என்று
கணக்குப் பிரிவின் ஓதிலோன் பிர்சூல்
மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டார்,
பில்லை இரண்டு விரலால் பிடித்தபடி.
இரண்டு மில்லி. குடித்தால் வித்தியாசம் தெரியாது.
ஆனால் அதன் ஆக்சிஜனில்
இரண்டு நியூட்ரான் கூடுதல்.
நாங்கள் வாங்குவது அந்த இரண்டைத்தான், ஐயா.

மாலை ஆறு. சர்க்கரைக் கிழங்கு லாரிகள் சிந்திய சேற்றில்
சைக்கிள் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தேன்.
சின்ன சைக்ளோட்ரான் தன் புரோட்டான்களை
அந்தத் தண்ணீரில் அறைந்துகொண்டிருந்தது.
ஆக்சிஜன் ஒரு புரோட்டானை விழுங்கி
ஒரு நியூட்ரானைத் துப்பி
ஃப்ளூரின் பதினெட்டு ஆகிறது.
ஆன கணமே சாகவும் தொடங்குகிறது.
பாதி போக நூற்றுப்பத்து நிமிடம்.
மீதியில் பாதி போக இன்னொரு நூற்றுப்பத்து.
இந்தக் கடனுக்கு வாய்தா கிடையாது.

பிரசெல்ஸ் மருத்துவமனைகளில் இதையே
சர்க்கரையில் பொதிந்து நரம்பில் ஏற்றி
கட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.
என் தங்கை கணவரைப் பார்த்தது போன மார்ச்சில்.
ஈயச் சுவருக்குப் பின்னால் கை நீட்டும்போதெல்லாம்
அவர் முகம் வருகிறது.
பிறகு வேலை வருகிறது.

என் வேலை, நீரிலிருந்து ஃப்ளூரினைப் பிரித்து
மீத்தைலோடு முடிச்சுப் போட்டு வாயுவாக்கி
திரவ நைட்ரஜனில் உறையவைத்து
வான்னஸின் ஈயப்பெட்டியில் வைப்பது.
போன ஞாயிறு ஒரு ரப்பர் வளையம் கசிந்தது.
முடிச்சு விழவில்லை.
கிஸ்லேன் ஒன்றும் சொல்லவில்லை,
கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் போய் நின்றாள்.

இன்று விழுந்தது.
தள்ளுவண்டியோடு ஓடக்கூடாது என்பது விதி.
வான்னஸ் நடக்கிறான்,
ஓடுகிறவனைப் போல.

வெகு தொலைவில் ஒரு வெள்ளைக் குள்ளன்
பக்கத்து நட்சத்திரத்தின் ஹைட்ரஜனை
ஆயிரமாயிரம் ஆண்டு உறிஞ்சிப் போர்த்திக்கொண்டு
ஒருநாள் தாங்காமல் பற்றிக்கொள்ளும்.
அந்தத் தீயிலும் இதே ஃப்ளூரின் பிறக்கிறது.
அதில் எவ்வளவு தப்பிக்கும்,
எவ்வளவு புரோட்டானிடம் சிக்கி உடையும்?
கிஸ்லேனின் பதினொரு ஆண்டுக் கேள்வி
அவ்வளவுதான்.

அங்கே ஃப்ளூரின்மேல் புரோட்டான் மோதும்.
இங்கே ஃப்ளூரினைத் தகடாக அடித்து
மோது என்று நிறுத்த முடியாது.
குறியாக நிற்க அதற்கு ஆயுள் இல்லை.
ஆகவே குறியையே அம்பாக்கினோம்.
ஹைட்ரஜனை ஒரு பிளாஸ்டிக் தாளில்
சும்மா இரு என்று நிற்கவைத்தோம்.
வந்தது யார், நின்றது யார் என்று
மோதல் கேட்பதில்லை.

ஒன்பது நாற்பதுக்குக் கற்றை வந்தது.
ஐந்து பேர், ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவல்,
ஒரு திரை.
ஒரு ஆல்ஃபாவும் ஒரு ஆக்சிஜனும்
ஒரே கணத்தில், கற்றையின் இரு புறமும்
ஜோடியாக வந்து விழ வேண்டும். தனித்தனியே வருவது
ஊர்கோலத்தில் யாரோ.

பத்தே முக்கால்: ஒன்று.
யாரும் கை தட்டவில்லை. வறுவலை யாரோ நகர்த்தினார்கள்.
பிறகு மூன்று மணி நேரம் எதுவுமில்லை,
கற்றை மட்டும் மெலிந்துகொண்டே வந்தது.
ஒன்று ஐம்பது: இன்னொன்று, எல்லைக்கோட்டின் ஓரத்தில்.
இரைச்சல், என்றான் வான்னஸ்.
இல்லை, என்றாள் கிஸ்லேன், சற்று அவசரமாக.
நோட்டில் இரண்டு என்று எழுதிப்
பக்கத்தில் சின்னதாய் ஒரு கேள்விக்குறி போட்டாள்.
வெடிக்கும் நட்சத்திரங்களைப் பற்றி
இன்றிரவு உலகத்துக்குக் கூடுதலாகத் தெரிந்தது
ஒன்றரை.

காலையில் குடுவையைக் கழுவுகிறேன்.
நூறில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.
செத்த ஃப்ளூரின் எங்கும் போகவில்லை,
மறுபடி ஆக்சிஜனாகிவிட்டது,
அதே பதினெட்டு, அதே இரண்டு நியூட்ரான் கூடுதல்.
வாங்கியதைத் திருப்பி வைத்துவிட்டோம் என்று
பிர்சூலிடம் சொல்லலாம்.
எங்கே என்று கேட்பார்.

கையுறையைக் கழற்றி
வாசல் கருவிக்குள் கைகளை நீட்டுகிறேன்.
அது யோசிக்கிறது.
வெளியே முதல் லாரியின் சேற்றுச் சத்தம்.
பச்சை. போகலாம்.